எல், ஐ... அதோடு நின்ற திரை

நேயர்களுக்கு வணக்கம். இன்று கம்ப்யூட்டர் பயனர் குழுக்களைப் பற்றிப் பேசப்போகிறேன்.

போன் லைன் வழியாக இணையத்தில் சேர்த்துவிடும் மோடம் என்ற கருவி போடும் சத்தம் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். கீச்சென்று ஆரம்பித்துக் கரகரவென்று இழுக்கும். நடுவில் யாராவது போனை எடுத்தால் போச்சு, இணைப்பு அறுந்துவிடும். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகும் பல வருஷம் நமக்கு இணையம் என்றால் அந்தச் சத்தம்தான்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டவர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி உண்டு. மலிவாகக் கிடைத்த மோடம்கள் விண்டோஸை நம்பிச் செய்தவை. வின்மோடம் என்போம். லினக்ஸ் போட்டதும் அது ஊமையாகிவிடும். அதைப் பேசவைக்க டிரைவர் என்ற சின்ன நிரல் வேண்டும். டிரைவர் இருப்பது இணையத்தில். இணையத்துக்குப் போக மோடம் பேச வேண்டும். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதை. அதனால் டிரைவரை ஃப்ளாப்பியில் போட்டு யாராவது ஒரு மனுஷர் கொண்டுவந்து தர வேண்டும். பயனர் குழு என்பது அப்படிப்பட்ட மனுஷர்கள் கூடும் இடம். அப்போது சென்னையில் லினக்ஸ் பயனர் குழு இரண்டாம் சனிக்கிழமைகளில் ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடும்.

என் கதைக்கு வருகிறேன். என்னிடம் சிடி டிரைவ் கிடையாது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நண்பன் வீட்டுக்குக் கொண்டுபோய், அவன் மெஷினில் மாட்டி, பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து லினக்ஸ் ஏற்றிக்கொண்டு வந்தேன். வீட்டில் மாட்டி ஆன் செய்தால் கறுப்புத் திரையில் எல், ஐ என்று இரண்டே இரண்டு ஆங்கில எழுத்து. அதற்குமேல் அசையவில்லை. மூன்று நாள் அந்த இரண்டெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "காசைப் போட்டு வாங்கி இப்படிப் பாழாக்கிட்டியே" என்று அம்மா வேறு.

ஒரு கல்லூரியில், வருகிறவர்களின் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுத்தரும் இன்ஸ்டால் ஃபெஸ்ட் நடப்பதாகக் கேள்விப்பட்டு, சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். அங்கே ஐம்பதை நெருங்கும் ஒருவர், பக்கத்தில் டிபன் பாக்ஸ். திரையைப் பார்த்தார். கீபோர்டைத் தொடக்கூட இல்லை. "தம்பி, இந்த டிஸ்க்கை வேற மெஷின்ல மாட்டி ஏத்துனீங்களா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. அது ஒரு விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லையே!

அப்புறம் விளக்கினார். லினக்ஸைக் கிளப்பிவிடும் நிரலுக்கு லிலோ என்று பெயர். நான்கு எழுத்து: எல், ஐ, எல், ஓ. ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் தன் பெயரில் ஓர் எழுத்தைத் திரையில் போடும். எந்த எழுத்தில் நிற்கிறதோ, வியாதி அங்கே. நம் சென்னைத் தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எழுதியிருக்குமே, அதே கதை. டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்று நண்பனின் மெஷின் ஒரு கணக்கில் கதவிலக்கம் போட்டிருக்கிறது, என் மெஷின் வேறு கணக்கில் தேடுகிறது. அவர் ஒரு ஃப்ளாப்பியைப் போட்டுக் கிளப்பி, ஒரு கோப்பைத் திறந்து, 'லீனியர்' என்று ஒரே ஒரு சொல் சேர்த்து, லிலோவை மறுபடி ஓட்டினார். நான்கு எழுத்தும் வந்துவிட்டது. பிறகு டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சை சாதம். எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். சரி, அது போகட்டும்.

இணையம் வீட்டுக்கு வந்ததும் இந்தப் பயனர் குழுக்கள் தேய்ந்துபோயின. அது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. 1975 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் ஒரு கார் ஷெட்டில் தொடங்கியது ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் தன் முதல் ஆப்பிள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து காட்டியது அந்தக் கிளப்பில்தான். 1977இல் பாஸ்டன் கம்ப்யூட்டர் சொசைட்டியைத் தொடங்கிய ஜோனதன் ரோட்டன்பெர்குக்கு அப்போது 13 வயது. 30,000 உறுப்பினருக்கு மேல் வளர்ந்த சங்கம் அது, 1996இல் கலைத்துவிட்டார்கள். செய்திமடல், இலவச மென்பொருள் ஃப்ளாப்பி, சந்தேகத்துக்குப் பதில் என்று எதற்காகச் சந்தா கட்டினார்களோ, அதெல்லாம் வீட்டுக்கே வர ஆரம்பித்துவிட்டது.

இணையத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஃப்ளாப்பிக்காக ஆட்டோ பிடித்தவன் நான், குறை சொல்வேனா? ஆனால் தேடுபொறி நாம் கேட்ட கேள்விக்குப் பதில் தரும். டிபன் பாக்ஸ்காரர் நான் கேட்காத கேள்வியை என்னிடம் கேட்டார். திரும்பவும் சொல்கிறேன், கேட்காத கேள்வியை. டிஸ்க்கை எங்கே மாட்டினேன் என்பதைத் தேடல் பெட்டியில் தட்ட வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். இப்போது இருக்கும் குழுக்களைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்திருந்தேன், பாதி நேரத்தை லிலோ தின்றுவிட்டது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழியாகக் கூடுகிறது, தமிழிலேயே பேசலாம். விழுப்புரத்திலும் ஒரு குழு இருக்கிறது, மாணவர்கள் நிறைய வருகிறார்கள். தனியார் கல்லூரி ஒன்றில் போன மாதம் நானே... இல்லை, அதற்கு நேரமில்லை. வணக்கம்.