வொர்க்ஃப்ளோ நகரவில்லை என்றால் மறுபடி நிறுவலாமா?

அடுத்த கேள்வி. இதைப் படித்ததிலிருந்து மனதை விட்டுப் போகவே இல்லை. "எங்கள் ஆபீசில் ஷேர்பாயிண்ட் 2019, பழைய வொர்க்ஃப்ளோ மேனேஜர் 1.0. எந்த ஒப்புதலும் நகரவில்லை. சர்வரை ரீஸ்டார்ட் செய்தும் பலனில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவலாமா?"

தயவுசெய்து வேண்டாம். ஷேர்பாயிண்ட் என்பது ஆபீஸ் ஆவணங்களையும் வேலைகளையும் பகிர்ந்துகொள்ளும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்; அதில் கோரிக்கைகளை ஒருவரிடமிருந்து அடுத்தவரின் ஒப்புதலுக்கு நகர்த்தும் வொர்க்ஃப்ளோக்களை ஓட்டுவது வொர்க்ஃப்ளோ மேனேஜர். யாரோ போன மாதம் அனுப்பிய கொள்முதல் கோரிக்கை மேலாளரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது, இல்லையா? அந்தக் காத்திருப்பு எஸ்கியூஎல் டேட்டாபேஸில் உட்கார்ந்திருக்கிறது. புது டேட்டாபேஸோடு நிறுவினால் சேவை ஓடும், அந்தக் கோரிக்கை போய்விடும்.

சர்வீஸ் பஸ்ஸை, அதாவது செய்திகளைக் கடத்தும் அடித்தளச் சேவையைப் பாருங்கள் என்று எப்போதும் சொல்வேனே, அதையேதான் இப்போதும் சொல்கிறேன். வொர்க்ஃப்ளோ மேனேஜர் அதன் மேல்தான் நிற்கிறது. சர்வீசஸ் பட்டியலில் 'சர்வீஸ் பஸ் மெசேஜ் புரோக்கர்' ரன்னிங் என்று வராமல் ஸ்டார்ட்டிங் என்றே நிற்கிறதா? அப்படியானால் அது பயன்படுத்தும் பாதுகாப்புச் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பாருங்கள். நிறுவும்போது அதுவே உருவாக்கிக்கொண்ட சான்றிதழ்தான். சில வருடம் சத்தமில்லாமல் ஓடும், ஒரு நாள் காலாவதியாகும். அதற்கப்புறம் எத்தனை ரீஸ்டார்ட் செய்தாலும் எழுந்திருக்காது. சான்றிதழைப் புதுப்பியுங்கள், முதலில் சர்வீஸ் பஸ், அப்புறம் வொர்க்ஃப்ளோ மேனேஜர்.

ஒரு தொழிற்சாலையில் இதே கதை. நிறுவியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். நிறுவும்போது கொடுத்த சர்டிஃபிகேட் ஜெனரேஷன் கீயை, அதாவது சான்றிதழ்களை உருவாக்கக் கொடுத்த ரகசியச் சொல்லை, எவரும் குறித்துவைக்கவில்லை. இன்னொரு சர்வரைச் சேர்க்க வேண்டுமானாலும் அந்தக் கீயைக் கேட்கும், பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டுமானாலும் கேட்கும். அங்கே பர்ச்சேஸ் ஆர்டர்களைக் காகிதத்தில் கையெழுத்து வாங்கி ஓட்டினார்கள். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அந்தக் கீயையும் சான்றிதழ் தேதியையும் இன்றைக்கே எழுதி வையுங்கள். இன்னொரு சர்வர் என்றதும் ஞாபகம் வருகிறது: வொர்க்ஃப்ளோ மேனேஜரை ஓட்டும் சர்வர்கள் ஒன்று அல்லது மூன்று இருக்கலாம், இரண்டு கூடாது.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ஷேர்பாயிண்ட் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2026 ஜூலை 14 உடன் முடிகிறது. உங்களிடம் ஓடும் வொர்க்ஃப்ளோக்களில் எவை இன்னும் தேவை, ஒவ்வொன்றும் எந்தத் துறையுடையது? சேவையை எழுப்பியதும் அந்தப் பட்டியலைத் தயார் செய்து அனுப்புங்கள். எதை எங்கே மாற்றலாம் என்று அடுத்த பதிவில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.