புலம்பெயர்ந்தவரை ஊரோடு சேர்ப்பது கதையே

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அடுப்பில் வைத்ததை இறக்கி மூடிவைத்துவிட்டு எங்கள் பேச்சைக் கேட்க வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, வணக்கம்.

இன்றைய தலைப்பு: 'புலம்பெயர்ந்து வந்தவர்களை ஊரோடு அதிகம் சேர்ப்பது கலையா, உணவா, கதையா?' கதையே என்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு தாளைக் காட்டிவிடுகிறேன். வாசலில் எல்லார் கையிலும் கொடுத்தார்களே, இந்த மாலையின் நிகழ்ச்சி நிரல், அதுதான். ஆடல் பாடல், ஒன்றரை மணி நேரம். உணவு, ஒரு மணி நேரம். கடைசி வரியில் 'கதை சொல்லல்' என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'நேரம் இருந்தால்' என்று அச்சடித்திருக்கிறார்கள். யாரையும் குறை சொல்வதற்காக இதைக் காட்டவில்லை. இப்படிப்பட்ட மாலைகளில் நிரல் பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. என் வாதம் முழுக்க இந்த அடைப்புக்குறியைப் பற்றியதுதான்.

உணவு அணித் தலைவர் அருமையாகப் பேசினார். 'ஒருவர் கையால் சாப்பிட்ட பிறகு அவரைப் பகைக்க மனம் வருமா?' என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது. வரும், நடுவர் அவர்களே. வந்திருக்கிறது.

1961 அக்டோபரில் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தது. வந்தவர்களுக்கு 'விருந்தினர் தொழிலாளர்' என்று பெயர். அவர்கள் வழியாக வந்த டோனர் கபாப், ரொட்டிக்குள் இறைச்சி வைத்துத் தரும் தின்பண்டம், எழுபதுகளில் பெர்லின் தெருக்களில் பிடித்துக்கொண்டது, பிறகு நாடெங்கும் பரவியது. எதிரணித் தலைவரின் கணக்குப்படி, இருபது ஆண்டு ஒரே ரொட்டியைச் சாப்பிட்ட ஊரில் பகை அடங்கியிருக்க வேண்டும். 1992 நவம்பரில் மோல்ன் நகரில் துருக்கியக் குடும்பங்கள் குடியிருந்த வீடுகளுக்குத் தீ வைத்தார்கள், மூன்று பேர் இறந்தார்கள். ஆறே மாதத்தில், 1993 மே மாதம், சோலிங்கன் நகரில் இன்னொரு வீடு எரிந்தது, ஐந்து பேர் போனார்கள். எட்டுப் பேருமே பெண்கள், சிறுமிகள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2000 முதல் 2006 வரை அதே நாட்டின் பல நகரங்களில் சிறு வணிகர்கள் ஒன்பது பேர் ஒருவர்பின் ஒருவராகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எட்டுப் பேர் துருக்கிய வழியினர், ஒருவர் கிரேக்கர். பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'டோனர் கொலைகள்'. முதலில் கொல்லப்பட்டவர் பூ விற்றவர், நடுவர் அவர்களே. கிரேக்கர் பூட்டுச் சாவி வேலை செய்தவர். அதையெல்லாம் யார் கேட்டார்கள்? ஊருக்கு அவர்களைப் பற்றித் தெரிந்தது ஒரு தின்பண்டம் மட்டும்தான், அதையே எடுத்துப் பிணத்தின் மேல் ஒட்டிவிட்டார்கள். கொன்றது ஒரு நவநாஜிக் கும்பல் என்பது 2011இல்தான் வெளியே வந்தது. அந்த ஆண்டின் மிக மோசமான சொல்லாக மொழியறிஞர்கள் குழு ஒன்று 'டோனர் கொலைகள்' என்பதைத்தான் தேர்ந்தெடுத்தது.

இதில் உணவின் பிழை எதுவும் இல்லை. பசியோடு வந்தவருக்குச் சோறு போட்ட கையை நான் கும்பிடுகிறேன். நாக்கு பழகியது, சமைத்தவரின் பெயர் காதில் விழவில்லை. நான் சொல்வது அவ்வளவுதான்.

கலை அணிக்கு வருகிறேன். 'கலைக்கு மொழி வேண்டாம், தாளம் போதும்' என்றார்கள். கலை அணியின் மிகச் சிறந்த சான்றை நானே எடுத்துத் தருகிறேன். 1958 கோடையின் கடைசியில் லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களைத் தேடித் தேடித் தாக்கினார்கள். பல இரவுகள் நீடித்த கலவரம். டிரினிடாடில் பிறந்தவர், அமெரிக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்டு லண்டனுக்கு வந்து பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தவர் கிளாடியா ஜோன்ஸ். அவர் என்ன செய்தார்? 1959 ஜனவரி 30 அன்று, குளிர் நடுக்கும் நாளில், செயின்ட் பாங்கிராஸ் நகர மன்றக் கட்டடத்துக்குள் ஒரு கார்னிவல் மாலை நடத்தினார். தீவில் வெயிலில் தெருவில் ஆடுவதை மண்டபத்துக்குள் கொண்டுவந்தார். பிபிசி அதை ஒளிபரப்பியது. அடி வாங்கிய மக்கள் நடு ஊரில் நின்று ஆடினார்கள். இப்போது நாட்டிங் ஹில்லில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய தெருவிழாவின் வேர்களில் ஒன்று அந்த மாலை.

நெஞ்சு நிறைகிறது, இல்லையா? எனக்கும்தான். ஆனால் அந்த மாலைக்கு அச்சிட்ட சிறு வெளியீட்டில் ஒரு குறிப்பு இருந்தது. அது விற்று வரும் பணத்தில் ஒரு பகுதி, நாட்டிங் ஹில் நிகழ்வுகளில் தண்டனை பெற்ற கறுப்பின இளைஞர்கள், வெள்ளையின இளைஞர்கள் இரு தரப்பினரின் அபராதத்தையும் கட்ட உதவும் என்று. தன் மக்களோடு மோதிய பையன்களின் அபராதத்துக்கும் சேர்த்துப் பணம் திரட்டிய ஒரு பெண்! ஆட்டத்தைப் பார்த்தவருக்கு இது தெரியுமா? தாளம் இதைச் சொல்லுமா? யாராவது வாயைத் திறந்து, 'இந்த ஆட்டம் ஏன் வந்தது தெரியுமா?' என்று தொடங்கினால்தான் உண்டு. மொழி வேண்டாம் என்பதைக் கலையின் பலமாகச் சொன்னார்கள். எனக்கு அது கலையின் எல்லையாகப் படுகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், மணி அடித்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி மாலைகளில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். உணவு மேசையில் வந்தவர் நிற்கிறார், பரிமாறுகிறார். ஊர்க்காரர் தட்டை நீட்டுகிறார். மேடையில் வந்தவர் ஆடுகிறார், ஊர்க்காரர் கீழே உட்கார்ந்து படம் எடுக்கிறார். வாரம் ஆறு நாளும் வேறு வேறு இடங்களில் அவர் செய்வதும் இதுதானே? பரிமாறுவது, சுமப்பது, மற்றவருக்குப் பிடிக்கும்படி நிற்பது. ஏழாம் நாள் மாலையிலும் அதையே, நல்ல உடை போட்டுக்கொண்டு செய்கிறார். கதை சொல்லும்போது மட்டும்தான் அவர் நாற்காலியில் உட்காருகிறார். ஊர் வாயை மூடிக்கொண்டு கேட்கிறது. எங்கே தொடங்குவது, எதைச் சொல்வது, எதைத் தன்னோடு வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அவர் கையில். கேட்டவர் அத்தோடு எழுந்து போவதுமில்லை. 'எங்க பாட்டியும் இப்படித்தான், கட்டின துணியோட…' என்று ஆரம்பிக்கிறார். ஒரு கதை இன்னொரு கதையை இழுத்துக்கொண்டு வருகிறது. வந்தவர் யார், இருந்தவர் யார் என்ற கோடு அங்கே அழிகிறது.

நம் சொந்தக் கதைக்கு வருவோம். 1823இலிருந்து தமிழகத்து ஏழை மக்களை இலங்கை மலைநாட்டுக்குக் கூட்டிப்போனார்கள். முதலில் காபி, பிறகு தேயிலை. 'தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும்' என்று, ஆள் திரட்டிக் கூட்டிப்போன கங்காணிமார் ஆசை காட்டினார்களாம், மாசி என்றால் கருவாடு. மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள், வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அவர்கள் பறித்த தேயிலை உலகமெல்லாம் போயிற்று. அந்தத் தீவில் அந்தத் தேநீரைக் குடிக்காத வீடு உண்டா? தினமும் குடித்தார்கள். குடித்துக்கொண்டிருந்த நாடுதான் 1948இல் ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து, அந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. உணவு அணி நண்பர்களே, கோப்பை கோப்பையாகக் குடித்த தேநீர் அன்று என்ன செய்தது?

200 ஆண்டு நிறைந்தபோது, 2023இல், மலையக மக்கள் என்ன செய்தார்கள்? தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, தங்கள் மூதாதையர் நடந்த வழியை நினைத்து, நாள் கணக்கில் நடந்தார்கள். 'நாங்கள் இப்படித்தான் வந்தோம்' என்ற ஒற்றை வாக்கியத்தைக் காலால் நடந்து சொன்னார்கள். கதை சொல்வதில் அதைவிடப் பெரிய முறை எனக்குத் தெரியாது.

'புலம்பெயர்' என்ற சொல் நேற்று செய்த சொல் அல்ல. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றி 'மொழி பல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்' என்று வருகிறது. அதற்கு முந்தைய அடிகளில் ஓர் உவமை. வேறு வேறு சுற்றத்தார் விழா நடக்கும் மூதூரில் போய்க் கூடியதுபோல என்கிறார் புலவர். 'சாறு அயர் மூதூர்' என்பது அவர் சொல். சாறு என்றால் விழா. இன்றைய மாலையை அன்றே பார்த்ததுபோல இருக்கிறது. அப்படிக் கூடியவர்களை 'ஒக்கல்' என்கிறார், அதாவது உறவு. ஒருவரை உறவு என்று சொல்ல அவர் எந்த ஊர், யார் பிள்ளை, என்ன நடந்தது என்பதெல்லாம் தெரிய வேண்டாமா?

கடைசியாக ஒரு நிகழ்ச்சி. சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் 1889இல் 'ஹல் ஹவுஸ்' என்ற சமூக இல்லத்தைத் தொடங்கினார். சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், ரஷ்யர் என்று வந்து குடியேறியவர்கள். 1900இல் அங்கே 'தொழில் அருங்காட்சியகம்' என்று ஒன்று திறந்தார்கள். குடியேறிய பெண்கள் சனிக்கிழமை மாலைகளில் வந்து, தங்கள் ஊர் முறையில் நூல் நூற்றுக் காட்டுவார்கள். ஏஞ்சலினா என்ற பெண்ணைப் பற்றி ஆடம்ஸ் எழுதியிருக்கிறார். அந்தப் பெண் அதே கட்டடத்தில் சமையல் வகுப்புக்கு வருவாள். அவள் அம்மா இத்தாலியக் கிராமத்துக்காரர், தக்கிளியில், அதாவது கையால் சுழற்றித் தொங்கவிடும் நூற்புக் கோலில், நூற்றுக் காட்ட வருவார். தலையில் முக்காடு, காலில் முரட்டுச் செருப்பு, குட்டைப் பாவாடை. கூடப் படிப்பவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று மகள் வேறு வாசலில் நுழைவாள்.

'பார்த்தீர்களா, நூற்பது கலைதானே!' என்பார்கள் கலை அணியினர். அம்மா நூற்றுக்கொண்டுதான் இருந்தார், மகள் வேறு வாசலில்தான் போய்க்கொண்டிருந்தாள். மாறியது எப்போது? ஒரு மாலை அம்மாவைச் சுற்றிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் நின்று வியந்துகொண்டிருந்ததை அவள் பார்த்தாள். இந்த நாட்டிலேயே தக்கிளியில் இவ்வளவு நன்றாக நூற்பவர் என் அம்மாதானா என்று ஆடம்ஸிடம் வந்து கேட்டாள். அப்போது ஆடம்ஸ் அந்த அம்மாவின் ஊர்க்கதையைச் சொன்னார். அந்தக் கிராமத்துப் பெண்கள் மலைச்சரிவின் விளிம்பில் நின்று தக்கிளியைக் கீழே தொங்கவிட்டு நூற்பார்களாம். அதனால் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் வராத கைத்திறன் அவர்களுக்கு வந்ததாம். வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு பெரிய பெட்டி. பட்டிக்காட்டுத் துணி என்று அம்மா நெய்ததையெல்லாம் அதற்குள் ஒளித்து வைத்திருந்தாள் மகள். அந்தப் பெட்டியை வெளியே இழுக்க அம்மாவை விட்டாள். அதற்குப் பிறகு, அம்மா நுழையும் வாசலிலேயே எல்லார் கண்ணெதிரிலும் நுழைந்தாள்.

மலைச்சரிவின் விளிம்பு என்ற அந்த ஒரு விவரம் சொல்லப்படாமலேயே போயிருந்தால்? பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்திருக்கும்.

ஓர் எதிர்வாதம் நியாயமானது, அதை மறைக்க மாட்டேன். 'வந்தவர்களுக்கு நம் மொழி தெரியாதே, எப்படிக் கதை சொல்வார்கள்?' சிங்கப்பூரில் 2014இல் புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கு ஒரு கவிதைப் போட்டி தொடங்கினார்கள். வங்கதேசத்துத் தொழிலாளர்கள் வங்காளத்திலேயே எழுதினார்கள். நாளெல்லாம் உழைத்த கை எழுதிய வரிகளை, பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்க்க, நகரம் கேட்டது. தன் மொழியில் சொல்லட்டும், ஒருவர் வாங்கிச் சொல்லட்டும். அதேபோல, கண்ணீர்க் கதை மட்டும்தான் வேண்டும் என்று யாரையும் வற்புறுத்தக் கூடாது. பட்ட துன்பத்தைச் சொல்லித்தான் உட்கார இடம் வாங்க வேண்டுமா? சின்ன வயதில் மரமேறி விழுந்த கதையைச் சொல்ல அவர் ஆசைப்பட்டால், அதுவே போதும்.

மணி அடித்துவிட்டது. நடுவர் அவர்களே, தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் ஒரு வேண்டுகோள். இந்த நிகழ்ச்சி நிரலை உங்கள் மேசையில் வைக்கிறேன். விழாக் குழுவினர் முன்வரிசையில் இருக்கிறார்கள். உங்கள் பேனாவால் அந்த அடைப்புக்குறியை அடித்துவிட்டு, கதை சொல்லலைத் தாளின் முதல் வரிக்குக் கொண்டுபோங்கள். அரை மணி நேரம் போதும். பின்வரிசையில், நான் உள்ளே வந்ததிலிருந்து ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவர் எந்த ஊர் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. நான் மேடையை விட்டு இறங்கி அவர் பக்கத்தில்தான் உட்காரப் போகிறேன். நன்றி, வணக்கம்.