ரௌட்டர் செத்தா நெட் வருது, உயிர் வந்தா நெட் போகுது!

வணக்கம் மக்களே. ஆமா, கண்ணைப் பாத்தாலே தெரியுது, தூங்கலை. போன வீடியோவுல "பழைய ரௌட்டர்ல ஓப்பன்வர்ட் போடப்போறேன், அரைமணி நேர வேலை"ன்னு சவடாலா சொல்லிட்டுப் போனேன்ல? அரைமணி நேர வேலைதான், பொய் சொல்லலை. அது முடிஞ்சதுக்கப்புறம் ஒன்றரை நாள் நெட் வரலை, அவ்ளோதான்.

புதுசா வந்தவங்களுக்கு: ஓப்பன்வர்ட்னா, ரௌட்டர்ல கம்பெனி கொடுத்த சாஃப்ட்வேருக்குப் பதிலா நாமே போட்டுக்குற லினக்ஸ் சாஃப்ட்வேர். முழுப் பேரு ஓப்பன் டபிள்யூஆர்டி. நாக்கு சுளுக்கிக்கும், அதனால ஓப்பன்வர்ட்னுதான் சொல்வேன், திருத்தாதீங்க. லின்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜின்னு நீலமும் கறுப்புமா ஒரு ரௌட்டர் இருந்துச்சு, ரெண்டு கொம்பு வச்சது. உள்ள லினக்ஸ் ஓடுதுன்னு கண்டுபிடிச்சு, லினக்ஸோட ஜிபிஎல் லைசென்ஸ் (பெட்டியை விக்கிறவங்க சோர்ஸ் கோடையும் கொடுக்கணும்னு சொல்றது) படி சோர்ஸ் கோடைக் கொடுங்கன்னு கேட்டாங்க. 2003ல கொடுத்தாங்க. அதுலேர்ந்து 2004ல முளைச்சதுதான் இது. பேர்ல இருக்குற டபிள்யூஆர்டி அந்தப் பெட்டியோட மிச்சம்.

எனக்கு ஏன் இந்த வேலைன்னா, என் ரௌட்டர் கம்பெனி (பேரு வேண்டாம்) நாலு வருஷமா ஒரு செக்யூரிட்டி அப்டேட் கூட விடலை. ஆனா அவங்க ஆப் மட்டும் வாரம் தவறாம அப்டேட் ஆகுது! வைஃபை பாஸ்வேர்டு மாத்தணும்னா அக்கவுன்ட் தொடங்கு, ஈமெயில் கொடு, ஓடிபி போடு. என் வீட்டு ரௌட்டர் என் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு, அதுகிட்ட பேச நான் எவனோ ஒருத்தன் சர்வரைச் சுத்திட்டு வரணுமா? ரௌட்டருக்கு ஆப்புங்குறதே எனக்கு ஆகாது, உங்களுக்குத் தெரியும்.

சரி, ஃப்ளாஷ் பண்ற, அதாவது ரௌட்டர்ல புது சாஃப்ட்வேர் ஏத்துற கதைக்கு வர்றேன். முதல்ல ரௌட்டரைக் கவுத்துப்போட்டு லேபிளைப் பாக்கணும். மாடல் பேரு மட்டும் பத்தாது, பக்கத்துலயே பொடி எழுத்துல வி1, வி2, வி3ன்னு இருக்கும். ஒரே பேரு, ஒரே டப்பா, உள்ள சிப்பே வேற! இது என்ன அயோக்கியத்தனம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை. என்னோடது வி2. டார்ச் அடிச்சு போன்ல போட்டோ எடுத்து பெருசாக்கித்தான் பாத்தேன். வி1 ஃபைலை வி2ல ஏத்தினா பெட்டி செங்கல் ஆகலாம். அப்புறம் கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகும்.

ஓப்பன்வர்ட் சைட்ல ஃபர்ம்வேர் செலக்டர்னு ஒரு பக்கம் இருக்கு (ஃபர்ம்வேர்னா பெட்டிக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்). மாடலை அடிச்சா ரெண்டு ஃபைல் காட்டும்: ஃபேக்டரி, சிஸ்அப்கிரேடு. கம்பெனி சாஃப்ட்வேர்லேர்ந்து முதல் தடவை தாவும்போது ஃபேக்டரி. ஏற்கெனவே ஓப்பன்வர்ட் இருந்தா சிஸ்அப்கிரேடு. என் பெட்டிக்கு அவ்ளோதான், சில பெட்டிக்கு வேற வழி இருக்கும், உங்க மாடலோட பக்கத்தைப் படிச்சிடுங்க. ஃபைல் பழுதில்லாம இறங்குச்சான்னு காட்டுற எஸ்எச்ஏ256 எண்ணையும் சரிபாத்துட்டு, பழைய அட்மின் பக்கத்துல ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் போயி ஃபைலைக் கொடுத்துட்டு, கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தேன். மூணு நிமிஷம் லைட் கண்டபடி சிமிட்டுச்சு, அப்புறம் நின்னு எரிஞ்சுச்சு. முடிஞ்சுது.

ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேன். இதெல்லாம் கேபிள் போட்டுத்தான் பண்ணணும், வைஃபைல பண்ணாதீங்க. ஏன்னா ஓப்பன்வர்ட் ஏறினதும் பெரும்பாலான பெட்டியில வைஃபை அணைஞ்சுதான் இருக்கும். கெட்டுப்போகலை, அப்படித்தான் விடுறாங்க. பாஸ்வேர்டு இல்லாத வைஃபையைத் திறந்து போடுறதைவிட அணைச்சு வைக்கிறது மேல்தானே. நீங்களா உள்ள போயி, ரூட்டுக்கு (அதான் அட்மின் அக்கவுன்ட்) ஒரு பாஸ்வேர்டு வச்சு, அப்புறம் வைஃபையை ஆன் பண்ணணும். கேபிளும் லேன் (வீட்டுப் பக்கம்) ஓட்டையில போடுங்க. வேன் (நெட் லைன் வர்ற பக்கம்) ஓட்டையில போட்டுட்டு பக்கம் திறக்கலைன்னு கத்தாதீங்க, அது வெளியாளைத் தடுக்குற ஃபயர்வாலுக்கு அந்தப்பக்கம். நான் கத்தலை. கொஞ்சம் கத்தினேன்.

இப்பதான் விஷயமே. 192.168.1.1 அடிச்சேன், லூசி வந்துச்சு. லூசின்னா ஓப்பன்வர்ட்டோட வெப் பக்கம். பகட்டே கிடையாது, டேபிள் டேபிளா இருக்கும், எனக்கு அதான் பிடிக்கும். வேன்ல லைன்காரங்க வச்ச மோடத்தைச் சொருகினேன். வேனுக்கு 192.168.1.5னு அட்ரஸ் கூட வந்துடுச்சு. எல்லாம் சரி. நெட் மட்டும் இல்லை.

டயக்னாஸ்டிக்ஸ்ல போயி கூகுளோட 8.8.8.8 சர்வருக்கு பிங் (இருக்கியான்னு கேட்டு, பதில் வர்ற நேரத்தை அளக்குறது) அடிச்சேன், ஒண்ணும் போகலை. சரி, மோடமாவது பேசுதான்னு 192.168.1.1க்கு பிங் அடிச்சேன். பதில் வருது! 0.1 மில்லிசெகண்ட்! அடேயப்பா, என்ன ஸ்பீடுன்னு சந்தோஷப்பட்டேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்.

அப்புறம் கேபிளை மாத்தினேன். வேற போர்ட் பாத்தேன். திரும்ப ஃப்ளாஷ் பண்ணேன். போன வருஷத்து வெர்ஷனைப் போட்டுப் பாத்தேன். ராத்திரி ரெண்டு மணிக்குப் பாத்தா ஒரு கூத்து: ரௌட்டரை ரீஸ்டார்ட் பண்றப்ப மட்டும் லேப்டாப்புல நெட் வருது! முழுசா எழுந்து நின்னதும் போயிடுது. ரௌட்டர் செத்தா நெட் வருது, உயிர் வந்தா நெட் போகுது. பேய்தான்னு முடிவு பண்ணிட்டேன்.

ரீஸ்டார்ட் ஆகும்போது சும்மா பக்கத்தை ரெஃப்ரெஷ் பண்ணேன். அதே 192.168.1.1தான். ஆனா வந்தது லூசி இல்லை. பச்சைக் கலர்ல வேற ஒரு லாகின் பக்கம். மோடத்தோட பக்கம்! லேப்டாப் இன்னும் மோடத்தோட வைஃபையிலயும் தொங்கிட்டிருக்கு, நான் அணைக்கவே இல்லை. ரௌட்டர் செத்ததும் கேபிள் லிங்க் விழுது, லேப்டாப் வைஃபைக்குத் தாவுது, நெட் வருது. ரௌட்டர் எழுந்ததும் திரும்ப கேபிளுக்கு வந்துடுது.

அதாவது மோடம் அட்ரஸும் 192.168.1.1. என் ரௌட்டர் அட்ரஸும் 192.168.1.1. ஒரே கதவு எண்ல ரெண்டு வீடு. ரௌட்டர் வெளிய போக வழி கேட்டா, "192.168.1.1கிட்ட கொடு"ன்னு மோடம் சொல்லியிருக்கு. ரௌட்டர் பாக்குது, "அட, அது நான்தானே!" அப்புறம் எங்க போகும்? 0.1 மில்லிசெகண்ட்ல பதில் வந்ததும் அதனாலதான். தன்னையே கூப்பிட்டு தானே பதில் சொல்லிட்டிருந்திருக்கு. மோடம் வரைக்கும் போயிட்டு வந்தா அவ்ளோ சீக்கிரம் வராது, அங்கயே எனக்கு உறைச்சிருக்கணும்.

பழைய ஃபர்ம்வேர்ல ஏன் இந்தத் தகராறு வரலைன்னா, அது 192.168.0.1ல இருந்துச்சு. ஓப்பன்வர்ட் போட்டதும் 1.1 ஆயிடுச்சு. யார் மேலயும் தப்பில்லை. ஓப்பன்வர்ட்டைத் திட்டினதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

மோடத்தை பிரிட்ஜ் மோடுல (ரௌட்டர் வேலை பாக்காம லைனை மட்டும் கடத்துறது) போட்டா இன்னும் சுத்தம், ஆனா அதோட அட்மின் பாஸ்வேர்டு என்கிட்ட இல்லை. அதனால என் ரௌட்டரை நகர்த்தணும். நெட்வொர்க், இன்டர்ஃபேசஸ், லேன், எடிட், 192.168.10.1ன்னு போட்டு சேவ் அண்ட் அப்ளை. ஒரு எண்ணை மாத்துற வேலைதானே? அதுக்கு நான் பட்ட பாடு இருக்கே! லூசி 90 விநாடி எண்ணும். அதுக்குள்ள பிரவுசரால ரௌட்டரைத் தொட முடியலைன்னா, "ஐயோ, இவன் வெளிய மாட்டிக்கிட்டான்"னு பாவம் பாத்து பழைய எண்ணுக்கே திரும்பிடும். நல்ல எண்ணம்தான். ஆனா என் லேப்டாப் இன்னும் பழைய அட்ரஸோட உக்காந்திருக்கு, எப்படித் தொடும்? மாத்துறேன், திரும்புது. மாத்துறேன், திரும்புது. மூணு தடவை. நாலாவது தடவை "அப்ளை அன்செக்டு"ன்னு இருக்குற பட்டனை அழுத்திட்டு, கேபிளைப் புடுங்கி திரும்பச் சொருகினேன். லேப்டாப்புக்கு 10 வரிசையில புது அட்ரஸ் வந்துச்சு. 192.168.10.1 அடிச்சேன். லூசி! 8.8.8.8க்கு பிங் அடிச்சேன்... 14 மில்லிசெகண்ட். மக்களே, தாமதமா வந்த அந்த 14ஐப் பாத்து எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன், தம்ப்நெயில்ல இருக்குறது அதான்.

இன்னொண்ணு. 8.8.8.8 போகுது, ஆனா எந்த சைட்டும் திறக்கலைன்னா லைன் நல்லாருக்கு, சைட் பேரை எண்ணா மாத்துற டிஎன்எஸ்தான் மக்கர் பண்ணுது. எண்ணுக்கும் பிங், பேருக்கும் பிங், ரெண்டும் அடிச்சுப் பாத்துட்டு அப்புறம் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுங்க.

வைஃபைக்கு வருவோம். 2.4 உடனே வந்துச்சு. 5 கிகாஹெர்ட்ஸ் வரவே இல்லை. சேனல் 100 போட்டிருந்தேன், அணைச்சு அணைச்சுப் போட்டேன், ஒரு அஞ்சு தடவை. பாத்தா, அந்த சேனலெல்லாம் ரேடாரும் பயன்படுத்துற இடம். ரேடார் ஏதாவது இருக்கான்னு 60 விநாடி காது கொடுத்துக் கேட்டுட்டுத்தான் வைஃபை வாயைத் திறக்கும். நான் அம்பதாவது விநாடியில அணைக்கிறேன், அது பாவம் திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. சேனல் 36க்கு மாத்தினேன், உடனே வந்துடுச்சு. நாட்டுக் கோடை மறக்காம செட் பண்ணுங்க, எந்த சேனல், எவ்வளவு பவர்ங்குறதை அதுதான் முடிவு பண்ணும்.

என் வைஃபை பல்பு ஞாபகம் இருக்கா, எட்டு வீடியோவா என் உயிரை வாங்குதே, அது சேரலை. வைஃபை பாதுகாப்பை டபிள்யூபிஏ3 மட்டும்னு வச்சிருந்தேன், அதுக்கு அந்தப் பாஷை தெரியாது. 2.4ஐ மட்டும் பழைய டபிள்யூபிஏ2க்கு இறக்கினேன், வந்து ஒட்டிக்கிச்சு. ஒரு பல்புக்காக நான் இறங்கி வந்தேன், எழுதி வச்சுக்கோங்க.

இவ்ளோ பாடு எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு: எஸ்க்யூஎம், லைன்ல நெரிசல் வராம டேட்டாவை வரிசைப்படுத்துறது. இது தனியா போட்டுக்குற பேக்கேஜ். நான் வீடியோ அப்லோடு போட்டா, வீட்டுல மத்தவங்க கால் பேசவே முடியாது, உங்களுக்கே தெரியும். அப்லோடு நடக்கும்போது பிங் 300 மில்லிசெகண்டைத் தாண்டும். லைன் வேகத்துல 90 சதவீதத்தைப் போட்டு, கேக்குங்குற முறையைத் தேர்ந்தெடுத்தேன். இப்ப அப்லோடு போடப் போட பிங் 25, 28, அவ்ளோதான். வரிசை மோடத்துக்குள்ள தேங்காம, ரௌட்டரே அளந்து விடுது. ஆனா இதுக்கு ப்ராசஸர் வேலை செய்யணும், லைன் ரொம்ப வேகம்னா பழைய ரௌட்டர் மூச்சு வாங்கும். என் லைன் 100 மெகாபிட், தாங்குது.

வாங்குறதுக்கு முன்னாடி கேக்குறவங்க, 16 எம்பி ஃப்ளாஷ் (பெட்டியோட சேமிப்பு இடம்), 128 எம்பி ரேம், அதுக்குக் கீழ போகாதீங்க. 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ரேம் பெட்டிக்கெல்லாம் 19.07 வெர்ஷனோட கதை முடிஞ்சுது. பிராட்காம் வைஃபை சிப்னா தொடாதீங்க, ஓப்பன் டிரைவர் சரியா கிடையாது. மீடியாடெக் நல்லாருக்கு.

அமைப்புல ஏதாவது சொதப்பிட்டா பயப்படாதீங்க. அசல் சிஸ்டம் எழுத முடியாத பகுதியில இருக்கும், நீங்க மாத்துறதெல்லாம் அதுக்கு மேல ஒரு போர்வை மாதிரி. பூட் ஆகும்போது லைட் சிமிட்டுறப்ப பட்டனை அழுத்தினா ஃபெயில்சேஃப்ல போகும், போர்வையை உதறிட்டு வந்துடலாம். அதுக்கும் அசையலைன்னா, கேபிள் வழியா ஃபர்ம்வேரை அனுப்புற டிஎஃப்டிபி இருக்கு, அதை நான் பண்ணலை, பண்ணாததைப் பத்திப் பேசமாட்டேன்.

ரௌட்டர் அடியில இருக்குற லேபிள்ல இன்னும் 192.168.0.1னுதான் இருக்கு. அதுமேல பேப்பர் ஒட்டி 10.1னு மார்க்கர்ல எழுதினேன், தெரியுதா? கேமரா ஃபோகஸ் ஆக மாட்டேங்குது. சரி விடுங்க. இந்த வீடியோ அப்லோடு ஆகிட்டிருக்கும்போதே ஒரு கால் பேசிப் பாக்கப்போறேன். பை!