அப்பா காட்டில், நான் இடியப்ப உரலில்

வணக்கம் மக்களே. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக் குசினி வாசற்படியில் இருந்து பேசுகிறேன். பின்னால் புசுபுசுவென்று கேட்பது மா அவியும் பானை. அது அவிந்து முடிய இன்னும் அரை மணித்தியாலம் செல்லும். அதற்குள் நான் பேசி முடித்தாக வேண்டும். ஏன் இந்த அவசரம் என்று பிறகு உங்களுக்கே விளங்கும்.

போன கிழமை கொழும்பில் லீவு சொல்லிவிட்டு உதயதேவி ரயிலில் ஏறி வந்தேன். காரணம் அப்பா. அப்பா கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போனார். ஆடிவேல் விழாவுக்கு முன்னால் குமண காட்டுப் பாதையைச் சில நாட்களுக்குத் திறந்துவிடுவார்கள் அல்லவா, அந்த நேரம். யாழ்ப்பாணப் பக்கம் இருந்து மாதக்கணக்கில் நடந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். அப்பா அவ்வளவு பெரிய ஆள் இல்லை. பொத்துவில், பாணமை தாண்டி உகந்தை முருகன் கோயில் வரைக்கும் பஸ். அங்கே கும்பிட்டுவிட்டு, தலையில் மூட்டையை வைத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினால் ஐந்து நாள் நடை.

அம்மாவுக்கு உதவி செய்ய வந்தேன் என்று சொன்னாலும், உண்மையில் என் மனதில் வேறு கணக்கு இருந்தது. ஒரு கிழமை ஊரில் நிற்கிறோம், வாவி நண்டு, இறால் பொரியல் என்று ஆறு வீடியோவாவது எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் நாள் காலையில் மீன்காரர் சைக்கிளில் கடப்படிக்கு வந்து சத்தம் போட்டார். நான் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அம்மா உள்ளே இருந்தபடியே, "அடுத்த கிழமை வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டார். அப்பா நடந்து முடியும் வரைக்கும் வீட்டில் மரக்கறிதான். சம்பலுக்கு மாசிக் கருவாடுகூடக் கிடையாது. மட்டக்களப்பில் வந்து நின்றுகொண்டு ஏழு நாள் கத்தரிக்காயும் முருங்கையிலை வறையும் சாப்பிட்ட ஒரே வ்லாக்கர் நானாகத்தான் இருப்பேன். அந்த ஆறு வீடியோவும் அதோடு போச்சு.

சரி, விசயத்துக்கு வருகிறேன். எங்கள் அம்மா இரண்டு கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறார். விடியக்காலையில் 240 இடியப்பம். நான் படித்தது, கொழும்புக்குப் போனது எல்லாம் அந்த ஆவியில்தான். ஆனால் அது அம்மாவின் வேலை என்றும், அப்பா அதைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் என்றும்தான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நான் எழும்பும்போது அப்பா சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு இருப்பார். அதற்கு முதல் நடந்தது எனக்குத் தெரியாது, தூங்கிக்கொண்டு இருந்தேன்.

மூன்றரைக்கு அம்மா எழுப்பினார். அம்மா மா குழைத்தார். மூன்று பங்கு சிவப்பரிசி மாவுக்கு ஒரு பங்கு அவித்த கோதுமை மா. கொதி தண்ணீரை ஊற்றி அகப்பைக் காம்பால் கிண்ட வேண்டும். தண்ணீர் ஆறிவிட்டால் இடியப்பம் நூல் நூலாக அறுந்து விழும். கூடிவிட்டால் தட்டோடு ஒட்டும். அதெல்லாம் அம்மாவின் கைக்கு அத்துப்படி. குழைத்து முடித்து மர உரலில் மாவை வைத்து என் பக்கம் நீட்டினார். "பிழி மனே."

ஒரு உரல் மாவில் மூன்று இடியப்பம் வரும். 240-க்கு எத்தனை தடவை பிழிய வேண்டும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். இருபதாவது தடவையில் உள்ளங்கை சிவந்தது, முப்பதில் கொப்பளம். அம்மாவின் மணிக்கட்டு ஐந்து வருசமாக வேலை செய்யாது என்று அப்போதுதான் சொன்னார். அன்றிலிருந்து பிழிகிறது அப்பாதானாம். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேட்கல்லையே" என்றார், இடியப்பத் தட்டைத் திருப்பிப் பார்த்தபடி.

இரண்டாம் நாள் பின்னேரம் நான் செய்த கூத்துத்தான் பெரிய கூத்து. கோதுமை மாவைத் துணியில் கட்டி அவித்து இறக்கினால், சூடு இருக்கும்போதே உடைத்து அரிதட்டில் அரித்துவிட வேண்டும். அம்மா அதை என்னிடம் தந்துவிட்டுக் கோயிலுக்கு விளக்கு வைக்கப் போனார். நான் போனில் ஒரு வீடியோ வெட்டிக்கொண்டு இருந்தேன். அரை மணித்தியாலம் கழித்துத் துணியை அவிழ்த்தால் உள்ளே மா இல்லை, கருங்கல். அம்மிக் குழவியைக் கொண்டுவந்து குத்தினேன். அம்மா வந்து பார்த்தார், ஏசவில்லை. "இதை மதிலுக்கு வைக்கலாம் மனே" என்றார். அன்று இரவு மறுபடி மா அவித்தோம். அடுத்த நாள் கடை முதலாளி ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கயிறு திரிச்சுக் கொண்டுவந்திருக்கிறீங்க?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, தடிப்பாகத்தான் இருந்தது.

கடைகள் வாவிக்கு மேலால் போகும் கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம். 2013-ல் புதுப் பாலம் திறந்ததில் இருந்து பஸ்ஸும் லொறியும் அதில்தான் போகின்றன. 1924-ல் கட்டிய பழைய பாலம் பக்கத்திலேயே நிற்கிறது. அப்பா அதில்தான் போவாராம். நானும் அப்படியே போனேன். வாவியில் பாடும் மீன் சத்தம் கேட்டதா என்று கொமெண்டில் கேட்கப் போகிறீர்கள். அதற்கு நிலவு வேண்டும், அமைதி வேண்டும், தோணியில் இருந்து துடுப்பைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். 240 இடியப்பத்தைக் கட்டிக்கொண்டு கச்சான் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதிக்கிறவனுக்கு அவன் மூச்சுத்தான் கேட்கும். (வெளியூர்க்காரருக்கு: இது சாப்பிடுகிற கச்சான் இல்லை, இந்தக் காலத்தில் மேற்கால் இருந்து அடிக்கிற வறண்ட காற்று.)

காட்டுக்குள் போனால் அப்பாவின் போன் வேலை செய்யாது. ஐந்து நாளும் ஒரு செய்தியும் இல்லை. ஆனால் அம்மா ஒவ்வொரு இரவும் விளக்குக்கு முன்னால் இருந்து இடம் சொல்லுவார். "இண்டைக்குக் குமண தாண்டியிருப்பார்." மறுநாள், "நாவலடியில படுத்திருப்பார், அங்க தண்ணி கிடைக்கும்." அடுத்தது, "வியாழை." அதுவும் வழியில் ஒரு இடம்தான். பக்கத்தில் நின்று பார்த்தது போலச் சொன்னார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கலியாணம் கட்டிய புதிதில் அம்மம்மாவோடு ஒருதரம் நடந்தாராம். மறுகா போகவே இல்லையாம்.

"ஏன் போகல்ல?"

"அப்ப இடியப்பம் ஆரு அவிக்கிற? கடைக்காரன் ஒரு கிழமை பார்த்திருப்பானா? வேற ஆள் பிடிச்சிருவான்."

அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆறாம் நாள், பானை கழுவிக்கொண்டு இருக்கும்போது, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "அடுத்த வருசமும் உனக்கு ஒரு கிழமை லீவு தருவாங்களா?" தருவார்கள் என்று சொல்லிவிட்டேன். தருவார்களோ தெரியாது. லீவு பெரிய விசயம் இல்லை மக்களே. தனியே நின்று மா குழைக்க என்னால் முடியுமா என்பதுதான் கேள்வி. அந்தத் தண்ணீர்ச் சூடு இன்னும் பிடிபடவில்லை. இன்று காலையும் முதல் தட்டு அறுந்துதான் விழுந்தது, அதை நாங்களே சாப்பிட்டோம்.

அப்பா நேற்று வந்துவிட்டார். கால் இரண்டும் வெடித்து, முகம் கறுத்து, கையில் விபூதிக் கட்டியோடு. யாத்திரையில் ஆளை ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், எல்லாரும் சாமிதான். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வந்ததும் அம்மாவிடம், "சாமி, கொஞ்சம் தண்ணி தாங்க" என்றார். அம்மா செம்பை நீட்டிவிட்டு, "சாமி முதல்ல காலைக் கழுவட்டும்" என்றார். என் உள்ளங்கையைப் பிடித்துக் கொப்பளத்தைப் பார்த்தார் அப்பா. ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்சம் விபூதி பூசிவிட்டார். கொப்பளத்துக்கு விபூதி நல்லதா என்று டொக்டர்மார் யாரும் பார்த்துக்கொண்டு இருந்தால் சொல்லுங்கள்.

ஆ, கூப்பிடுகிறார். கேட்கிறதா? "சாமி, மா இறக்கியாச்சு, ஓடி வா!"

நான் போகிறேன் மக்களே, ஆறினால் கல். அரிதட்டை எங்கே வைத்தேன்?