மண்ணெண்ணெயில் ஓடியதும் மொன்ரே கார்லோவில் வென்றதும்

(எங்கள் ஊர் வாசிகசாலை ஆண்டு விழாவில் பேசியது, எழுத்துக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

சபையில் இருக்கும் பெரியவர்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் மோட்டார் தொழில் படிக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

மேசையில் துணி சுற்றி ஒரு சாமான் வைத்திருக்கிறேன். மொறிஸ் மைனர் என்ற பழைய கார் ஒன்றின் எஸ்.யூ. காபரேற்றர், அதாவது எரிபொருளைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்புகிற கருவி. ஒரு சிரட்டை அளவுதான் இருக்கும். ஒஸ்ரின், மொறிஸ், மினி கார்களைச் செய்த பிஎம்சி என்ற பிரித்தானியக் கம்பெனியைப் பற்றிப் பேச வந்த எனக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். உள்ளே ஒரு பிஸ்டன். என்ஜின் காற்றைக் கூட இழுத்தால் பிஸ்டன் மேலே எழும்பும். அதன் அடியில் முனை மெலிந்த ஊசி ஒன்று ஜெற்றுக்குள் இறங்கி நிற்கிறது. பிஸ்டன் எழும்ப ஊசியும் எழும்பும், ஊசியைச் சுற்றியுள்ள இடைவெளி அகலும், அந்த அளவுக்கு எரிபொருள் வரும். அடியில் ஒரு சின்ன நட். அதைத் திருகி ஜெற்றை இறக்கினால் கலவை தடிக்கும், ஏற்றினால் மெலியும். கையில் ஒரு சாவி போதும்.

எங்கள் ஐயா இதைக் காதால்தான் செற் பண்ணுவார். கராச்சில் நான் பக்கத்தில் நின்றால், "சத்தத்தைக் கேள் தம்பி, பசிச்சுக் கத்துதோ, திகட்டிக் கத்துதோ எண்டு பார்" என்பார்.

தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்துக்கு அரசு விதித்த பொருளாதாரத் தடைக் காலத்தில், இந்த நட் எங்களுக்குப் பெரிய உதவி செய்தது. பெற்றோல் இல்லை. போத்தலில் கொஞ்சம் கிடைத்தாலும் தங்க விலை. குடாநாட்டின் ஹயர் கார்கள், ஒஸ்ரின் சோமசெற், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. கலவையை அதற்கேற்றபடி செற் பண்ண இந்த நட்டைத் திருகினால் போதும். மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் ஆவியாகாது. அதனால் சேலைன் போத்தல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, மெல்லிய குழாயால் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணுவோம். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். நிற்பாட்டுவதற்கு முன் திரும்பவும் பெற்றோல், இல்லாவிட்டால் அடுத்த ஸ்ரார்ட் வராது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி என்ஜின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும் என்பதால் ஐயா நாளுக்கு இரண்டு தரம் குச்சியை இழுத்து ஒயிலை விரலில் தேய்த்துப் பார்ப்பார்.

ஏன் இந்தப் பழைய கார்கள் தாங்கின? காரணம் அழுத்த விகிதம், அதாவது உள்ளே இழுத்த கலவையை என்ஜின் எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது. அவற்றில் அது 7, 8 மடங்குதான். அதைவிட அழுத்தம் கூடிய பின்னாளைய என்ஜின்களில் மண்ணெண்ணெய் ஊற்றினால் நேரத்துக்கு முன்னரே வெடித்து 'டக் டக்' என்று அடிக்கும். மெதுவான, அழுத்தம் குறைந்த என்ஜின்கள் மூச்சுவாங்கியபடி ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. வெள்ளைப் புகையை விட்டுக்கொண்டு போனாலும் போயின.

சரி, இந்தக் கம்பெனி எங்கிருந்து வந்தது? ஹேர்பேர்ட் ஒஸ்ரின் 1905 இல் பேர்மிங்காமுக்குப் பக்கத்தில் லோங்பிறிட்ஜில் தொழிற்சாலை தொடங்கினார். 1922 இல் 'ஒஸ்ரின் செவன்' வந்தது. குட்டிக் கார், மலிவு. ஜேர்மனியில் பிஎம்டபிள்யூ முதன்முதலாக விற்ற கார் அதன் உரிமம் பெற்ற பிரதிதான். லோட்டஸ் கார்க் கம்பெனியை நிறுவிய கொலின் சப்மன் தன் முதல் காரை ஒரு பழைய செவனை வைத்துத்தான் கட்டினார். மக்லாறன் றேஸ் அணியை நிறுவிய புறூஸ் மக்லாறன் முதலில் றேஸ் ஓடியதும் ஒரு செவனில்தான். ஒரு ஏழைக் கார் இத்தனை பேருக்குப் பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது.

1952 இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒன்றாகி பிஎம்சி ஆயின. மொறிஸ் பக்கத்திலிருந்து வந்த சொத்து அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர். துருக்கியின் ஸ்மேர்னாவில் 1906 இல் பிறந்தவர். மைனர் அவர் வரைந்ததுதான். 1948 இல் அது வெளிவருவதற்குக் கொஞ்சம் முன்பு, கார் ஒடுக்கமாகத் தெரிகிறதே என்று மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, நடுவில் 4 அங்குலம் விட்டு வைத்துப் பார்த்தார். அந்த அகலம்தான் நிலைத்தது. பழைய மைனரின் பொனெற் நடுவில் நெடுக்காக ஓடும் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அது அந்த 4 அங்குலம்தான். பத்து லட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் மைனர்.

இனி மினி என்ற குட்டிக் கார். 1956 இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியில் பிரித்தானியாவுக்குப் பெற்றோல் தட்டுப்பட்டு, கூப்பனுக்குப் பங்கிட்டார்கள். அப்போதுதான் பிஎம்சி தலைவர் லெனாட் லோர்ட், எரிபொருள் குறைவாகக் குடிக்கிற, ஆனால் உண்மையான கார் ஒன்று வேண்டும் என்று இசிகோனிஸிடம் கேட்டார். பெற்றோல் தட்டுப்பாட்டில் பிறந்த கார் என்று கேட்டபோது, நான் அதை எங்கள் வீட்டுப் பிள்ளைபோலவே நினைத்தேன்.

மொத்த நீளம் 10 அடி. அதற்குள் நான்கு பேர். என்ஜினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பெட்டியை அதன் கீழே ஒயில் தொட்டிக்குள்ளேயே வைத்து, முன்சில்லுகளை இழுக்க வைத்தார். சில்லு 10 அங்குலம். அதற்கென்றே டன்லொப் ரயர் செய்தது. ஸ்பிறிங்குக்குப் பதில் அலெக்ஸ் மோல்ட்டன் வடிவமைத்த றப்பர் கூம்பு. இந்த றப்பர் யோசனை இசிகோனிஸுக்குப் புதிதல்ல. இளவயதில் ஜோர்ஜ் டௌசன் என்ற நண்பரோடு தன் கையாலேயே கட்டிய ஒரு றேஸ் காரில் றப்பர் பாவித்திருந்தார்.

மாதிரி என்ஜினில் காபரேற்றர் முன்பக்கம் இருந்தது. குளிரில் அது உறைந்துபோக, என்ஜினை மறுபக்கம் திருப்பினார்கள். அதனால் பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடுகிற டிஸ்றிபியூட்டர் முன்னுக்கு வந்து மழையில் நனையத் தொடங்கியது. மாரி காலத்தில் வெள்ளம் நின்ற வீதியில் மினி ஓட்டிய யாராவது இங்கே இருந்தால் தலையாட்டுவீர்கள். 1959 ஓகஸ்ட்டில் 848 சிசியோடு அது சந்தைக்கு வந்தது.

இதை றேஸுக்குக் கொண்டுபோனவர் ஜோன் கூப்பர். அவருடைய கார்கள் 1959 இலும் 1960 இலும் ஃபோர்முலா ஒன் உலகப் பட்டத்தை வென்றவை. மினியை ஓட்டிப் பார்த்தவர், இதற்கு வலுவான என்ஜினும் முன்னுக்கு டிஸ்க் பிறேக்கும் கொடுங்கள் என்று கம்பெனியை விடாமல் கேட்டு, 1961 இல் மினி கூப்பரைக் கொண்டுவந்தார். 1963 இல் 1071 சிசி கூப்பர் எஸ். அதில் எஸ்.யூ. காபரேற்றர் இரண்டு, பக்கத்துப் பக்கமாக. இந்த மேசையில் இருக்கிற அதே வகைதான்.

1964 மொன்ரே கார்லோ றலி என்ற நெடுந்தூரக் கார்ப் போட்டி. பனிக்காலத்தில், ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து புறப்பட்டு அல்ப்ஸ் மலையைக் கடந்து வரவேண்டும். மினி கூப்பர் எஸ்ஸில் அயர்லாந்துக்காரர் பாடி ஹொப்கேர்க், துணைச்சாரதி ஹென்றி லிடன். அவர்கள் புறப்பட்டது மின்ஸ்க்கிலிருந்து. எதிரில் 4.7 லீற்றர் ஃபோர்ட் ஃபல்கன், என்ஜின் மினியினதைப்போல நாலு மடங்குக்கும் மேல். புள்ளிக் கணக்கில் சிறிய என்ஜினுக்குச் சலுகை இருந்தது உண்மை. அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. ஆனாலும் உறைபனி வளைவுகளில் சலுகை காரைத் தாங்காது. ஹொப்கேர்க் வென்றார்.

1965 தான் எனக்குப் பெரிது. கடும் பனி. புறப்பட்ட 237 கார்களில் 35 தான் முடிவை எட்டின. அவற்றில் தண்டப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் வந்தவர் ஒரே ஒருவர்: மினியில் பின்லாந்துக்காரர் ரிமோ மக்கினன்.

1966 இல் முதல் மூன்று இடங்களும் மினிக்கு. ஆனால் ஹெட்லைற் பல்பு விதிக்கு ஒத்துவரவில்லை என்று மூன்றையும் விலக்கி, சித்ரோன் காருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். பல்பில் ஒற்றை இழை இருந்ததாம். இன்றைக்கும் எனக்கு இது ஆறவில்லை. சரி, அடுத்த வருடம் மினியே திரும்பிப் போனது. 1967 இல் ரௌனோ ஆல்ட்டோனன் 13 வினாடி வித்தியாசத்தில் வென்றார்.

இந்த வெற்றிகளின் பின்னால் இங்கிலாந்தில் எபிங்டன் என்ற ஊரில் கம்பெனியின் பட்டறை ஒன்று இருந்தது. றலி கார்களுக்கு முன்னால் ஓர் ஆள் அதே பாதையில் போய், எந்த வளைவில் பனிக்கட்டி, எங்கே வெறும் தார் என்று குறித்துக் கொடுப்பார். அதைப் பார்த்துத்தான் ரயர் தெரிவு செய்வார்கள். வீதியில் குண்டும் குழியும் பார்த்து முன்னால் சைக்கிளில் ஆள் அனுப்பிய எங்கள் டிறைவர்மாருக்கு அந்த வேலை புரிந்திருக்கும்.

பிறகு கம்பெனி கைமாறிக் கைமாறித் தேய்ந்தது. மினிக்குள் இருந்த 'ஏ' வகை என்ஜின், 1951 இல் 803 சிசியாக வந்தது, 2000 ஆம் ஆண்டு கடைசிப் பழைய மினி வரை ஓடியது. ஒஸ்ரின் செவனைப் பிரதிபண்ணித் தொடங்கிய பிஎம்டபிள்யூவின் கையில்தான் இப்போது மினி என்ற பெயர் இருக்கிறது.

தம்பி, தங்கச்சிமாரே, வந்து இதைத் தொட்டுப் பாருங்கள். பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். 'டொக்' என்று விழவேண்டும், ஒட்டினால் துடைக்க வேண்டும். ஊசியை மட்டும் வளைத்துவிடாதீர்கள். வெளியே வேப்பமரத்துக்குக் கீழே மைனர் நிற்கிறது. தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், இதைப் பூட்டி ஸ்ரார்ட் பண்ணுவோம்.