மன்னர் பக்கம் நின்றவர்கள் துரோகிகள் அல்லர்

நடுவர் ஐயாவுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்ற குடியேறிகள் துரோகிகளா இல்லையா என்பது இன்றைய தலைப்பு, இல்லை என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் அண்ணன் உணர்ச்சியோடு பேசினார். பிறந்த மண்ணுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று கேட்டு கைதட்டலும் வாங்கினார். அவரிடம் நான் கேட்க நினைப்பது, இவர்கள் காட்டிக்கொடுத்ததாகச் சொல்கிறீர்களே அந்த நாடு, அது எப்போது உண்டானது?

1776 ஜூலையில் சுதந்திரப் பிரகடனம் வருவதற்கு முன்னால் அப்படி ஒரு நாடு கிடையாது ஐயா. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1775 ஜூலையில், லெக்சிங்டனிலும் பங்கர் ஹில்லிலும் ரத்தம் சிந்தி முடிந்த பிறகும்கூட, பிலடெல்பியாவில் கூடியிருந்த காங்கிரஸே, அதாவது அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபையே, மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு நாங்கள் உங்கள் விசுவாசமான குடிகள், சமாதானம் செய்துகொள்வோம் என்று மனு எழுதி அனுப்பியது. மன்னர் அதை ஏற்க மறுத்தார், அடுத்த மாதமே குடியேற்றங்கள் கலகத்தில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். அது அவருடைய ஆணவம், அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் 1775இல் காங்கிரஸ் தலைவர்கள் கையெழுத்துப் போட்டுச் சொன்ன அதே பேச்சை 1776இலும் பேசிய ஒரு விவசாயி எப்படித் துரோகி ஆனான்? மற்றவர்கள் மனம் மாறினார்கள், அதற்குக் காரணம் இருந்தது. மாறாதவனிடம் மாநிலங்கள் புதுச் சத்தியம் கேட்டன, செய்ய மறுத்தவனுக்கு அபராதம் போட்டன, இடத்துக்கு இடம் சிறையும் சொத்துப் பறிப்பும் சேர்ந்துகொண்டன.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை, இவர்கள் எல்லாம் பதவிக்கும் பணத்துக்கும் மன்னர் காலைப் பிடித்தவர்கள் என்றார். அப்படிச் சிலர் இருந்தார்கள்தான். ஆனால் ஜோசப் காலோவேயைப் பாருங்கள். 1774இல் முதல் காங்கிரஸில் எழுந்து, அமெரிக்காவுக்கென்று தனிச் சபை வைப்போம், அந்தச் சபையும் பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் சட்டம் செல்லும் என்று திட்டம் கொடுத்தவர் அவர். ஆறு குடியேற்றங்கள் தள்ளிவைக்கச் சொன்னன, ஐந்து தள்ளிவைக்க வேண்டாம் என்றன, ஒரே ஒரு வாக்கில் அந்தத் திட்டம் போனது, பிறகு பேசிய தடமே இல்லாமல் காங்கிரஸ் குறிப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஒரு வாக்கு இப்படி விழுந்திருந்தால் இன்று அவரை என்னவென்று கூப்பிடுவோம்? பின்னாளில் அவர் பிரிட்டிஷ் படையோடு சேர்ந்துகொண்டு 1778இல் இங்கிலாந்து போய்விட்டார், அது உண்மை. சொத்தையாவது காப்பாற்றலாம் என்று மனைவி கிரேஸ் பிலடெல்பியாவிலேயே தங்கினார். அந்தச் சொத்தில் பெரும்பகுதி கிரேஸின் அப்பா வீட்டிலிருந்து வந்தது. அதையும் புருஷன் சொத்தோடு சேர்த்துப் பறித்து, அந்த அம்மாவை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். இதைச் செய்தது மன்னர் தரப்பு இல்லை தங்கச்சி, விடுதலை பேசிய தரப்பு.

அப்புறம் விடுதலைத் தரப்பின் பெரிய தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் வீடு. எனக்கு இந்தப் போரில் மனது அதிகம் கனப்பது இங்கேதான். அவருடைய மகன் வில்லியம் நியூ ஜெர்சியின் ஆளுநர், மன்னர் நியமித்தவர். மின்னலைப் பட்டத்தில் பிடித்த அந்தப் புகழ்பெற்ற சோதனையில் அப்பாவுக்குக் கூட நின்ற பிள்ளை. 1776இல் அவரைப் பிடித்து கனெக்டிகட்டுக்குக் கொண்டுபோனார்கள். காவலில் இருந்துகொண்டே மன்னர் தரப்பின் மன்னிப்புப் பத்திரங்களைக் கொடுத்தார் என்று தனிச் சிறையில் அடைத்தார்கள். அந்த நேரத்தில் மனைவி எலிசபெத் நியூயார்க்கில் சாகக் கிடந்தார். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வில்லியம், விடுதலைப் படையின் தலைமைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்கு எழுதினார், அவர் இரக்கப்பட்டுக் காங்கிரஸுக்கு அனுப்பினார், காங்கிரஸ் மறுத்துவிட்டது. 1777இல் அந்த அம்மா இறந்துபோனார், கடைசிவரை புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்த வில்லியம் நியூயார்க்கில் ஆயுதக் குழுக்களை நடத்தினார். அந்தக் குழு ஆட்கள் 1782இல் ஜோஷுவா ஹடி என்ற கைதியைத் தூக்கில் போட்டார்கள். அது கொலை. நான் அதைக் கொலை என்றே சொல்கிறேன், அதற்கு உரிய தண்டனை கிடைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறேன். போர் முடிந்த பிறகு மகன் சமாதானம் கேட்டுக் கடிதம் எழுத, 1784இல் அப்பா பதில் எழுதினார். கிழவயதில் ஒரே மகன் கைவிட்டதும் எனக்கு எதிராக ஆயுதம் எடுத்ததும்போல வேறு எதுவும் என்னை நோகடித்ததில்லை என்று அதில் இருக்கிறது. அதே கடிதத்தில், பொது விஷயத்தில் நீ வேறு கருத்து கொண்டதற்காக உன்னைக் குறை சொல்லக் கூடாது, நாமெல்லாம் தவறக்கூடிய மனிதர்கள்தானே என்றும் எழுதியிருக்கிறார். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர், சொந்த மகனால் நொந்துபோனவர், அவரே பெற்றவன் என்ற முறையில் வருந்தினாரே தவிர, கருத்தைக் குற்றமாக்கவில்லை. நாம் ஏன் ஆக்க வேண்டும்?

படித்த பெரிய குடும்பங்களை விடுங்கள். ஜார்ஜியாவில் அகஸ்டா அருகே தாமஸ் பிரவுன் என்று ஒருவர், இங்கிலாந்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத ஆள். விடுதலைக் குழுவில் சேர மறுத்தார் என்று 1775 ஆகஸ்டில் ஒரு கும்பல் அவருடைய மண்டையை உடைத்து, காலில் தீ வைத்து, தார் பூசியது. கால் விரல்களை இழந்தார். அதற்குப் பிறகுதான் அவர் தெற்கில் கொடூரமான ஒரு படைத் தலைவர் ஆனார். இவர் எந்தப் பக்கம் போவார் என்று எதிர்பார்த்தார்கள்?

1780 அக்டோபரில் கிங்ஸ் மவுண்டன் என்ற குன்றில் ஒரு சண்டை நடந்தது. மன்னர் தரப்பில் ஏறக்குறைய 1,100 பேர், எதிரில் 900 பேர். தளபதி பேட்ரிக் பெர்குசன் ஒருவரை விட்டால் கிட்டத்தட்ட எல்லோருமே அமெரிக்கர்கள். ஒரே பேச்சு பேசுகிறவர்கள், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். சண்டை முடிந்து சரணடைந்தவர்களில் ஒன்பது பேரைச் சில நாள் கழித்துத் தூக்கில் போட்டார்கள். இது உள்நாட்டுப் போர் ஐயா. வெள்ளையரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மன்னர் பக்கம் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள், லட்சக்கணக்கான ஆட்கள். போருக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போனது சுமார் 60,000 பேர்தான். மற்றவர்கள் அங்கேயே உழுதார்கள், அங்கேயே கடை வைத்தார்கள், அவர்கள் பக்கம் நின்று 1784இல் நியூயார்க் நீதிமன்றத்தில் வாதாடியவர் வாஷிங்டனுக்கு உதவியாளராக இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டன்.

மணி அடித்துவிட்டார்கள், கடைசியாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விடுதலை, விடுதலை என்று எதிரணி இன்று பலமுறை சொன்னார்கள். 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் மன்னர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். நல்ல மனசில் செய்ததில்லை, அவரே அடிமைகள் வைத்திருந்தவர், மன்னர் பக்கத்துப் பண்ணையார்கள் போகும்போது ஆயிரக்கணக்கான அடிமைகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இருந்தாலும் அந்த ஒரு வாசல் திறந்தது, ஆயிரக்கணக்கானோர் உயிரைப் பணயம் வைத்து ஓடினார்கள். 1783இல் நியூயார்க்கை விட்டுப் பிரிட்டிஷார் கிளம்பும்போது, அவர்களைத் திருப்பிக் கொடு என்று வாஷிங்டன் நேரில் கேட்டார். விடுதலை தருவதாகக் கொடுத்த வாக்கை மீறினால் கேவலம் என்று பிரிட்டிஷ் தளபதி கை கார்ல்டன் மறுத்தார். சுமார் 3,000 கறுப்பர்களின் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதிக் கப்பலேற்றி அனுப்பினார்.

அந்தப் பதிவேட்டில் ஹாரி வாஷிங்டன் என்ற பெயர் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் பிறந்து, மவுண்ட் வெர்னான் பண்ணையில் ஜார்ஜ் வாஷிங்டனுக்கே அடிமையாக இருந்து, தப்பி ஓடி மன்னர் படையில் வேலை பார்த்து, இன்றைய கனடாவில் இருக்கும் நோவா ஸ்கோஷியா போய், 1792இல் சியரா லியோனுக்குக் கப்பல் ஏறியவர். இவரும் அமெரிக்கா விட்டு மன்னர் பக்கம் போனவர்தான். இவர் துரோகம் செய்தது யாருக்கு என்று அடுத்துப் பேசப்போகும் எதிரணி நண்பர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.