உழக்குக் கணக்கு

(சேரன்மகாதேவியில், பிசான நெல் பருவத்துக்கு முந்தின விவசாயிகள் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கிற ஊர்ப் பெரியவர்களே, கூட்டுறவு வங்கிச் செயலாளர் அவர்களே, மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியை அவர்களே, அவர் கூட்டி வந்திருக்கிற பிள்ளைகளே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்து அண்ணாச்சிமார்களே, நாற்காலி கிடந்தும் உட்காராமல் நிற்கிற தாய்மார்களே, வணக்கம். பந்தல் போட்டவர்களையும் மைக் செட்டுத் தம்பியையும் விட்டுவிட்டால் பாதியில் சத்தம் நின்றுபோகும். அவர்களுக்கும் வணக்கம்.

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது’ என்கிறோம். கணக்குப் பார்க்காததால்தான் உழக்கு மிஞ்சவில்லை என்பது என் கட்சி. தட்டுப்பாடான பொருள், சூடு, விதை என்று மூன்று சங்கதி சொல்ல வந்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு முதலில் விளைச்சல் கணக்கு. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் சுண்ணாம்பு 56 கிலோ வர வேண்டும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சூளையில் 50 கிலோதான் தேறியது என்றால் விளைச்சல் சுமார் 89 சதவீதம். கல்லின் நடுவயிறு வேகாமல் கிடக்கும். கொஞ்சம் தூளாகிச் சாம்பலோடு போயிருக்கும்.

பெரியவர்களுக்கு மறுவீட்டு விருந்தின் தேங்காய்ப்பால் குழம்பு, நம்ம சொதி. சமையல்காரர் தவசிப்பிள்ளை 60 தேங்காய் கேட்டார். மாமா 40 தேங்காயோடு வந்து, “காயைக் கூடப் போடும், சரியாப் போகும்” என்றார். முருங்கைக்காய் இரண்டு கட்டு கூடியது, கேரட் கூடியது, பாசிப்பருப்பும் கூடியது. சொதி கூடவில்லை, காய்தான் கூடியது! இரண்டாம் பாலில் காய் வெந்து, கடைசியில் தலைப்பாலை விட்டு, நுரை கட்டும்போதே இறக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்று மாமாவே விறகைத் தள்ளினார். கொதித்தது, திரிந்தது. தவசிப்பிள்ளை கரண்டியை வைத்துவிட்டு வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துவிட்டார். பந்தியில் இஞ்சிப் பச்சடி மட்டும் மூன்று தடவை வந்தது. புறவாசலில் பார்த்தால், அரைகுறையாகப் பிழிந்த தேங்காய்ச் சக்கையில் இன்னும் பால் நிற்கிறது!

தேங்காய்தான் தட்டுப்பாடான பொருள். எது முதலில் தீர்கிறதோ அதுதான் விளைச்சலுக்கு வரம்பு கட்டும். ஜெர்மனியில் ஸ்பிரெங்கல், லீபிக் என்ற வேதியியல் அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பயிருக்கு இதைச் சொன்னார்கள். நட்டு இரண்டு மூன்று வாரத்தில் அடியிலைகளில் துருப்புள்ளி விழுந்து பயிர் குட்டையாக நின்றால், பெரும்பாலும் துத்தநாகக் குறை. அங்கே யூரியா மூட்டையை அவிழ்ப்பது மாமா முருங்கைக்காய் வாங்கின கதை. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து நடவுக்கு முன் தூவ வேண்டும். பாஸ்பேட் உரமான டி.ஏ.பி.யோடு கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் துத்தநாக பாஸ்பேட். அது தண்ணீரில் கரையாது, வேருக்கும் எட்டாது.

அடுத்தது சூடு. யூரியாவுக்கு முதல் சரக்கான அம்மோனியாவை, நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் 1:3 கணக்கில் சேர்த்து, இரும்பு வினையூக்கியின் மேல் 400, 500 டிகிரியில், ஏறக்குறைய 200 வளிமண்டல அழுத்தத்தில் செய்கிறார்கள். சூட்டைக் கூட்டினால் வினை வேகமாக ஓடும். ஆனால் சமநிலையில் நிற்கிற அம்மோனியா குறையும். ஒரு சுற்றில் 15 சதவீதம் போலத்தான் தேறும். மிச்ச வாயுவைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறான் ஆலைக்காரன். அவனுக்கு உழக்குக் கணக்குத் தெரியும்.

நம் வயலில் அந்தச் சுற்று கிடையாது. உச்சி வெயிலில், பாசி படர்ந்த தண்ணீரில் யூரியா வீசுகிறோம். பாசி பகலில் கரியமில வாயுவை உறிஞ்ச, தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. யூரியா அம்மோனியாவாகிக் காற்றில் போகிறது. காசு கொடுத்து வாங்கினதை ஆகாயத்துக்குத் தானம் செய்கிறோம்! தண்ணீரை வடித்துச் சேறும் சகதியுமாக வைத்துப் போடுங்கள். யூரியா ஐந்து பங்குக்கு வேப்பம்பிண்ணாக்கு ஒரு பங்கு கலந்து முதல் நாள் இரவே வையுங்கள். குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், என்றால் ஏக்கருக்கு 48. நாலாகப் பிரித்தால் தவணைக்கு 12 கிலோ, யூரியாவாக 26 கிலோ. முழு மூட்டை 45 கிலோவையும் ஒரே நாளில் கொட்டினால் பயிர் கரும்பச்சையாய் மினுக்கும்; பின்னாலேயே குலைநோயும் புகையான் பூச்சியும் வரும்; கதிர் பிடிக்கையில் சாயும்.

இதெல்லாம் மண்ணைத் தெரிந்தவனுக்குத்தான். அதனால்தான் ஊர் ஊராகக் கத்துகிறேன்: நாற்றங்கால் விடும் முன்பே மண் பரிசோதனை செய்யுங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் வேண்டாம். ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் ‘வி’ வடிவில் 15 செ.மீ. குழி வெட்டி, பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை சீவுங்கள். சட்டியில் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டைத் தள்ளுங்கள். அரைக் கிலோ நிற்கும்வரை இதையே செய்யுங்கள். நிழலில் உலர்த்துங்கள். உரச்சாக்கில் கட்டினால் மண்ணுக்குப் பதில் சாக்கைத்தான் பரிசோதிப்பார்கள்.

விதையைப் பற்றியும் சொல்ல வந்தேன். தலைவர் இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அதை அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

வாசல் மேசையில் துணிப்பைகள் இருக்கின்றன, வயலுக்கு ஒன்று. பெயர், சர்வே எண், போன பயிர், வைக்கப்போகிற பயிர் நாலையும் பென்சிலால் சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும். கோபாலசமுத்திரம் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.